எந்த ஊரில் குடியேறுவது?

கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும்போது நம்மவர்கள் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். என் மருமான் ஊர் பார்ப்பதற்குப் பதினேழு பொருத்தம் எழுதி வைத்திருந்தான். சம்பளம், வீட்டு வாடகை, வருமான வரி, குளிர், வெயில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோயில், முருங்கைக்காய் கிடைக்குமா கிடைக்காதா என்பது வரையில் ஒரு நோட்டுப் புத்தகம் நிறையக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் மார்க்கும் கொடுத்திருந்தான்.

அவனுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம். கம்பெனிக்காரர்கள் அவனை அக்கரைச் சீமைக்கு அனுப்பத் தீர்மானித்து, துபாய், சிங்கப்பூர், டொரான்டோ ஆகிய மூன்று நகரங்களில் எது வேண்டுமோ அதை அவனே தேர்ந்தெடுத்துக் கொள்ளலாம் என்று சொல்லி விட்டார்கள். கட்டளையிட்டிருந்தால் பேசாமல் போயிருப்பான். தேர்ந்தெடுக்கச் சொன்னதுதான் வினையாயிற்று. ஒரு மாத காலமாக வீட்டில் தூக்கம் போய்விட்டது. மூன்று நகரங்களும் மொத்த மார்க்கில் ஏறக்குறைய சமமாக வந்து நின்றன. கடைசியில் "மாமா, நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று நோட்டுப் புத்தகத்துடன் கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தான். மனைவியையும் குழந்தையையும் கூட அழைத்து வந்திருந்தான்.

கள்ளக்குறிச்சி வெயிலில் இவ்வளவு பெரிய விஷயத்தை யோசிக்க முடியாது என்று, மறுநாள் காலையில் எல்லாருமாகக் கரியாலூருக்குப் புறப்பட்டோம். கச்சிராயபாளையம் தாண்டிக் கோமுகி அணையைப் பார்த்துக்கொண்டே மலையேறினால், வளைவுக்கு வளைவு காற்று மாறுகிறது. கரியாலூரில் ஏரியும், படகும், குளிர்ச்சியும் இருக்கின்றன. கடுக்காயும் மரவள்ளிக் கிழங்கும் அந்த மலையின் செல்வம். மருமான் ஏரிக்கரையில் நின்று நெடுமூச்சு விட்டு, "இங்கேயே குடியேறிவிடலாம் போலிருக்கிறது, மாமா!" என்றான். வெளியூர்க்காரர் எல்லாரும் அந்த இடத்தில் நின்று சொல்லும் வாக்கியம் அது.

டீக்கடையில் நோட்டுப் புத்தகம் திறக்கப்பட்டது. கடைக்கார அம்மாள் மலையாளி. கேரளத்து மலையாளி அல்ல; மலையை ஆளுகிறவர் என்ற பொருளில் அந்த மலை ஜனங்களுக்கு ஏற்பட்ட பெயர் அது. அந்த அம்மாள் எங்கள் வாதப் பிரதிவாதத்தை அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்து விட்டு, டம்ளரைக் கழுவியபடியே ஒரு கேள்வி போட்டாள்:

"எந்தச் சீமைக்குப் போனா என்ன தம்பி, அங்க பட்டா குடுப்பாங்களா?"

மருமான் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினேழு பொருத்தத்தில் இல்லாத பதினெட்டாவது பொருத்தம் அது. அதைக் கேட்பதற்கு அந்த அம்மாளைவிடத் தகுதியுள்ளவர்கள் குறைவு.

அந்த மலை ஜனங்களும் ஒரு காலத்தில் ஊர் தேடிப் புறப்பட்டவர்கள்தான். அவர்களிடையே வழங்கும் கதை இது. காஞ்சிபுரத்திலிருந்த கரிராமன் என்னும் தெய்வத்துக்கு அங்கே இருப்புக் கொள்ளாமல் போயிற்றாம். தெய்வம் வேறிடம் தேடிப் புறப்பட, பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று சகோதரர்கள் குடும்பத்தோடு பின்தொடர்ந்தார்கள். சேலம் பக்கம் வந்ததும் வழி பிரிந்து, மூத்தவன் சேர்வராயன் மலைக்கும், நடுவன் பச்சைமலைக்கும், இளையவன் கொல்லிமலைக்கும் போனதாக ஒரு பாடம் சொல்கிறது. கல்வராயன் மலையிலும் கரிராமனுக்குக் கோயில் உண்டு. தெய்வமே முன்னால் போய் இடம் பார்த்துக் கொடுத்த குடியேற்றம் உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்குமா என்று தெரியவில்லை. நல்ல மழை, நல்ல காற்று, சாமையும் தினையும் விளையும் சரிவு எல்லாம் பொருத்தமாகவே அமைந்தன.

பொருந்தாதது ஒன்றுதான். காட்டைத் திருத்தியவன் பெயரில் காகிதம் இல்லை. மலை முழுவதும் சடையகவுண்டர், குரும்பகவுண்டர், ஆரியகவுண்டர் என்ற மூன்று ஜாகீர்களாகப் பிரிந்து கிடந்தது. தலைமுறை தலைமுறையாக உழுதவர்கள் ஜாகீர்தாருக்கு வரி கொடுத்ததோடு கூலியில்லா வேலையும் செய்தார்கள். 1947-ல் தேசம் சுதந்திரம் அடைந்தது. அந்த மூன்று ஜாகீர்களும் அரசாங்கத்தின் நேர் நிர்வாகத்துக்கு வந்ததோ 1976-ல். கொடி ஏற்றிய கோட்டைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சுதந்திரம் இருபத்தொன்பது வருஷம் பிரயாணம் செய்திருக்கிறது! பிறகு ஜாகீர்தாரின் இடத்தில் வன இலாகாவின் எல்லைக் கல் வந்து நின்றது. காட்டில் வாழ்வோருக்கு நில உரிமை தரும் சட்டம் 2006-ல்தான் பிறந்தது. 2024-ல் கள்ளக்குறிச்சி விஷச் சாராயச் சாவுகளுக்குப் பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் இம்மலை ஜனங்களின் நிலைமையைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. இத்தனையும் சேர்ந்துதான் டம்ளர் கழுவும் கையிலிருந்து ஒரு கேள்வியாக வந்தது.

"அது மலை நாட்டு விஷயம், மாமா. வெளிநாட்டுக்கு அது எப்படிப் பொருந்தும்?" என்றான் மருமான்.

வெளிநாட்டுக்குத்தான் அது முதலில் பொருந்தும். கடல் கடந்த தமிழனின் சரித்திரமே பட்டா இல்லாதவனின் சரித்திரந்தான்.

1860 நவம்பர் 16-ஆம் தேதி, சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்னும் கப்பல் ஒப்பந்தக் கூலிகளுடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிந்ததும் பலர் அங்கேயே தங்கி நிலம் திருத்திக் காய்கறி பயிரிட்டார்கள். அது பொறுக்கவில்லை. 1895-ல் ஒரு சட்டம் கொண்டு வந்து, புதிதாக வருகிறவர்கள் ஒப்பந்தம் முடிந்தபின் சுதந்திரமாகத் தங்கினால் வருஷத்துக்குத் தலைக்கு 3 பவுன் வரி என்று விதித்தார்கள். கூலி மாதம் 10 ஷில்லிங்கில் தொடங்கிய தேசத்தில் 3 பவுன் என்றால் 60 ஷில்லிங்! அதோடு நின்றார்களா? 1913-ல் கேப் நகர நீதிபதி ஒருவர், கிறிஸ்தவ முறைப்படி நடவாத விவாகங்களைச் சட்டம் ஏற்காது என்று தீர்ப்புக் கூறினார். தாலி கட்டிய மனைவி ஒரே நாளில் மனைவி அல்லாதவளாகி விட்டாள். காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தில் அங்கே பெண்கள் திரண்டு சிறை சென்றதற்கு இதுவே காரணம். அவர்களில் ஒருத்தியை நாம் தில்லையாடி வள்ளியம்மை என்று நம் ஊரின் பெயரோடு சேர்த்துச் சொல்கிறோம். அவள் பிறந்தது ஜோஹன்னஸ்பர்க்கில். சிறையிலிருந்து நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ல் பதினாறு வயதில் உயிர் நீத்ததும் அங்கேதான். அந்த வருஷமே தலைவரி ஒழிந்தது, விவாகங்களும் ஏற்கப்பட்டன. அந்தப் பட்டாவுக்கு அவள் கொடுத்த விலை அது.

பர்மாவின் கதை வேறு மாதிரி. அங்கே போனவர்களில் ஏழைக் கூலிகளும் உண்டு, செல்வந்தர்களும் உண்டு. செட்டிநாட்டார் அதைக் குடியேற்றம் என்று சொல்லவே மாட்டார்கள். 'கொண்டுவிக்கப் போதல்' என்பார்கள். மூன்று வருஷக் கணக்கு. கணக்கு முடிந்தால் ஊர் திரும்ப வேண்டியது. குடும்பமும் வீடும் காரைக்குடிப் பக்கத்தில். மிகவும் புத்திசாலித்தனமான ஏற்பாடு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் 1930-க்குப் பின் நெல் விலை வீழ்ந்து, கடன் வாங்கிய விவசாயிகள் தவணை கட்ட முடியாமற் போகவே, அடமான நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்து குவிந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில், 1930-ல் நூற்றுக்கு 6 பங்காக இருந்தது 1937-ல் ஏறக்குறைய 25 பங்காயிற்று. வட்டிக்குப் போனவர்கள் விரும்பாமலே நிலக்கிழார்கள் ஆனார்கள். அதே 1937 ஏப்ரல் முதல் தேதியில் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. ரங்கூன் ஜனத்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர். அவர்களெல்லாரும் உள்நாட்டில் படுத்து உறங்கி, வெளிநாட்டில் கண் விழித்தார்கள்.

1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் ஜப்பானியக் குண்டு விழுந்தது. அதன் பிறகு சுமார் ஐந்து லட்சம் இந்தியர் கிளம்பினார்கள். கப்பல் கிடைக்காதவர்கள் காடும் மலையுமாக நடந்தார்கள். பல்லாயிரம் பேர் வழியிலே மடிந்தார்கள். இது யுத்தத்தின் கொடுமை என்று சொல்லிவிடலாம். 1964-ல் நடந்ததற்கு அப்படிச் சொல்ல முடியாது. ராணுவ ஆட்சி கடைகளையும் வியாபாரங்களையும் தேசவுடைமை ஆக்கிற்று. சுமார் மூன்று லட்சம் இந்தியர் அந்த வருஷங்களில் வெளியேறினார்கள். கட்டிய துணியோடு சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்கள் உண்டு.

அவர்களில் ஒரு கூட்டத்தாரின் கதையை நம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவசியம் படிக்க வேண்டும். தமிழ்நாட்டு முகாம்களில் அவர்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கரிராமனைப் போல! பிறந்து வளர்ந்த பர்மாவுக்கே திரும்புவோம் என்று தேசத்தின் வடகிழக்குக் கோடியான மணிப்பூர் வரையில் போனார்கள். எல்லையைத் தாண்ட விடவில்லை. அந்தண்டை போக முடியாது, இந்தண்டை திரும்ப மனமில்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்து விட்டார்கள். அந்த இடத்துக்கு மோரே என்று பெயர். எதிர்ப்புறம் பர்மாவின் தமு. அங்கே தமிழ்ச் சங்கம் வைத்தார்கள். அங்காள பரமேசுவரிக்குக் கோயில் கட்டினார்கள். எல்லை வியாபாரத்தில் முன்னுக்கு வந்தார்கள். தேர்ந்தெடுத்துக் குடியேறிய ஊர் அல்ல அது. எல்லைக் காவற்காரன் தேர்ந்தெடுத்துக் கொடுத்த ஊர். 2023-ல் மணிப்பூரில் கலகம் மூண்டபோது மோரேயில் தமிழர் வீடுகளும் சில எரிந்தன.

இலங்கையைப் பற்றி அதிகம் சொல்லவேண்டிய அவசியமில்லை. மலையைத் தேயிலைத் தோட்டமாக்கிய நம்மவர்களுக்கு 1948-ல் பிரஜா உரிமை இல்லையென்று சட்டம் வந்ததும், 1964-ல் இரண்டு பிரதம மந்திரிகள் உட்கார்ந்து 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று ஜனங்களைப் பங்கு பிரித்ததும், எஞ்சியிருந்தவர்களுக்கு 2003-ல்தான் வழி பிறந்ததும் நேயர்கள் அறிந்தவை.

இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் டீ இரண்டு முறை ஆறிப்போயிற்று. மருமானின் மனைவி மெதுவாக, "அப்படியானால் இந்த மூன்று ஊரில் எங்கே பட்டா கொடுப்பார்கள், மாமா?" என்று கேட்டாள். கேள்வி சரியான தடத்தில் விழுந்துவிட்டது.

துபாய் கிட்டத்தில் இருக்கிறது. சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. ஆனால் அங்கே பிறந்த குழந்தைகூட அந்நாட்டுப் பிரஜை ஆவதில்லை. பொதுவாக உத்தியோகம் உள்ள வரையில்தான் வாசம். அது கொண்டுவிக்கப் போகும் ஊர். திரும்பும் தேதியை எழுதி வைத்துக்கொண்டு போனால் நல்ல ஊர். தேதியை மறந்தவனுக்குச் சங்கடமான ஊர். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சி மொழிகளில் ஒன்று. குழந்தை பள்ளியிலேயே தமிழ் படிக்கும். நிரந்தர வாச உரிமை கிடைப்பது அரசாங்கத்தின் சித்தம். கிடைத்தால், பையன் வளர்ந்ததும் இரண்டு வருஷம் அந்நாட்டு ராணுவத்தில் சேவை செய்ய வேண்டும். டொரான்டோவில் உறைபனி. ஆனால் நிரந்தர வாச உரிமை பெற்றவன் ஐந்து வருஷத்தில் 1,095 நாள் அங்கே வசித்தால் பிரஜா உரிமைக்கு மனுப் போடலாம். 1983-க்குப் பின் அகதிகளாகப் போன ஈழத் தமிழர்கள் ஸ்கார்பரோப் பகுதியில் வேரூன்றி, இன்று அந்நாட்டுப் பார்லிமெண்டு வரை போயிருக்கிறார்கள். முருங்கைக்காய்க்கும் பஞ்சமில்லை.

"அப்போது டொரான்டோதான்!" என்று நோட்டை மூடினான் மருமான்.

"அவசரப்படாதே. அங்கே பட்டா வாங்குகிற அன்று இங்கே ஒரு பட்டாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்" என்றேன்.

நமது சட்டம் இரட்டைப் பிரஜா உரிமையை ஒப்புவதில்லை. அயல்நாட்டுப் பிரஜை ஆனவுடன் இந்தியப் பிரஜா உரிமை போய்விடும். வம்சாவளி அட்டை ஒன்று கொடுப்பார்கள். எப்போது வேண்டுமானாலும் வந்து போகலாம். ஓட்டுப் போட முடியாது. விளைநிலம் வாங்க முடியாது. தாத்தா உழுத நிலத்துக்குப் பக்கத்து வயல் விலைக்கு வந்தால் வேடிக்கைதான் பார்க்கலாம். அந்த ஓட்டுக்காக எத்தனை பேர் சிறைக்குப் போனார்கள் என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்ல வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை.

குடியேறுவது தப்பு என்பது என் அபிப்பிராயமல்ல. குடியேறுகிறவன் முழுக் குடியாகப் போக வேண்டும். சம்பாதிக்கப் போகிறவன் கணக்கு முடித்துத் திரும்ப வேண்டும். இரண்டுக்கும் நடுவே நின்றவர்களைத்தான் ரங்கூனிலும் நுவரெலியாவிலும் கண்டோம். அவனுடைய மனைவிக்கு உத்தியோகம் பார்க்க அனுமதி உண்டா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். போய்ப் பார்ப்பதானால் டொரான்டோவை ஜனவரியிலும் துபாயை ஜூலையிலும் பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன். மாப்பிள்ளையைக் கோபத்தில் பார்க்கவேண்டும் என்பார்களே, அந்த மாதிரி.

அந்தப் பெண் நோட்டுப் புத்தகத்தை வாங்கி, பதினேழு கட்டங்களுக்கும் குறுக்கே ஒரு கோடு இழுத்து, கீழே 'பட்டா' என்று மட்டும் எழுதினாள். கடைக்கார அம்மாள் எட்டிப் பார்த்தாள். காசு கொடுக்கும்போது அவளுக்குப் பட்டா கிடைத்ததா என்று விசாரித்தேன். "மனு குடுத்திருக்கோம், ஐயா" என்றாள்.

மலை இறங்கும்போது ஒருவரும் அதிகம் பேசவில்லை. கோமுகி அணை கண்ணில் பட்டதும் மருமான் கேட்டான்: "மாமா, பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கிற விஷயத்தை அம்மாவிடம் யார் சொல்வது?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். என் சகோதரியின் சுபாவம் எனக்குத் தெரியும். அடுத்த வாரம் ஊரில் இருக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.