பணம் தோற்கும் பந்தயம்

"மோட்டார்ப் பந்தயமா? அது செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு. நமக்கேன் அந்த வீண் வேலை?"

விடுதி உணவுக் கூடத்தில் நான் இந்தப் பேச்சை எடுத்தபோது நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டார். அவரைக் குறை கூறேன். பந்தயம் செல்வர் கையில் இருப்பது உண்மைதான். அது என்றென்றும் அங்கேயே இருக்க வேண்டுமா என்பதே என் கேள்வி.

நான் சிவகங்கைச் சீமைக்காரன். மாட்டு வண்டிப் பந்தயம் பார்த்து வளர்ந்தவன். பெரிய மாடு, நடுமாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு பிரிவாகத்தான் எங்கள் பக்கம் வண்டிகளை ஓட விடுவார்கள். பெரிய மாட்டோடு பூஞ்சிட்டை ஓடச் சொன்னால் ஊரே எதிர்த்து நிற்கும். ஏடறியாத உழவரும் அறிந்த நீதி இது: நிகரானவர் நிகரானவரோடு ஓடினால்தான் பந்தயம், இல்லையேல் அது வெறும் ஊர்வலம்!

நம் நாட்டு மோட்டார் உலகம் இந்த நீதியைக் கற்க நெடுங்காலம் ஆயிற்று. 1960களில் சென்னைக்கு அருகே சோழவரத்திலும், இங்கே ஹூக்ளியின் அக்கரையில் பாரக்பூரிலும், விமான ஓடுதளங்களில் பந்தயங்கள் நடந்தன. அயல்நாட்டுப் பந்தயக் காரைத் தருவிக்க வல்லவருக்கு ஈடாக, உள்ளூர்க் காரைத் தட்டிக் கொட்டிச் சீராக்கியவர் எப்படி ஓட முடியும்?

அந்த நிலையை மாற்ற முனைந்தவர் கோவை எஸ். கரிவரதன். ஆலை முதலாளி குடும்பத்தில் பிறந்தவர்தாம். ஆயினும் மற்றவருக்கும் வழி திறக்க எண்ணினார். மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்சினைக் கொண்டு, ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் காரை உள்நாட்டிலேயே உருவாக்கினார். 'ஃபார்முலா மாருதி' என்ற அந்தப் பிரிவில் எல்லோருக்கும் ஒரே வகை எஞ்சின். அதில் ஓட்டிப் பழகிய கோவை நாராயண் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். கரிவரதனோ 1995இலேயே விமான விபத்தில் மறைந்துவிட்டார். 2003இல் கோவை செட்டிபாளையத்தில் திறக்கப்பட்ட 'கரி மோட்டார் ஸ்பீட்வே' அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எனினும் ஒன்றை மறைக்கலாகாது. நாராயணின் தந்தையும் கார்ப் பந்தய வீரரே. பட்டறைத் தொழிலாளியின் மகன் அந்த இடத்திற்கு வர இன்னும் வழியில்லை. எஞ்சினை ஒன்றாக்கினால் மட்டும் போதாது. புதுப்புது டயர், கைதேர்ந்த சீரமைப்பாளர் என்று பணம் பக்கவாட்டு வாயில்களில் நுழைந்துவிடும். அந்த வாயில்களை அடைக்கும் விதிகள் வேண்டும். அத்தகைய இரண்டு விதிகள் உலகில் உண்டு.

முதலாவது, மாணவர் கட்டும் ஃபார்முலா கார்களுக்கு உரியது. பெட்ரோல் எஞ்சினுக்குள் செல்லும் காற்று முழுவதும் 20 மி.மீ. குறுக்களவுள்ள ஒரே துளை வழியாகவே போக வேண்டும். அங்கே காற்றின் வேகம் ஒலியின் வேகத்தை எட்டிவிட்டால், எஞ்சின் எவ்வளவு உறிஞ்சினாலும் அதற்குமேல் காற்று வராது. காற்றுக்குத் தக்க எரிபொருள். எரிபொருளுக்குத் தக்க ஆற்றல். இலட்சங்களைக் கொட்டினாலும் அந்த வரம்பைத் தாண்ட முடியாது. இயற்கையே நடுவர், கையூட்டு வாங்காத நடுவர்!

இரண்டாவது, ஸ்வீடன், ஃபின்லாந்து நாடுகளின் மக்கள் பந்தயத்தில் உள்ளது. போட்டி முடிந்ததும், விதியில் குறித்த விலைக்கு எந்தக் காரையும் மற்றொரு போட்டியாளர் கேட்கலாம். உரியவர் மறுக்க முடியாது. அந்த விலைக்கு மேல் காரில் கொட்டும் பணமெல்லாம் அடுத்தவன் வீட்டுக்குப் போய்விடும் என்று தெரிந்தால், எவன் கொட்டுவான்?

நண்பர்களே, இவ்விரண்டையும் ஹவுராவில் இணைத்துப் பார்த்தால் என்ன? நம் கரையிலேயே உள்ள உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றது. மாருதி 800இன் உற்பத்தி நின்றதும் அதே ஆண்டில்தான். பழைய மாருதிகள் மலிவாகக் கிடைக்கின்றன. அந்தக் கார் ஒன்றே. டயர் ஒரே வகை. அச்சிறு எஞ்சினுக்கு 20 மி.மீ. மிகுதி, ஆகவே இன்னும் சிறிய துளை; முடிவில் குறித்த விலைக்கு விற்பனை. பாதுகாப்புக் கூண்டு, இருக்கைப் பட்டை, தலைக்கவசம், தீயணைப்பான் ஆகியவற்றை மட்டும் விலைக் கணக்கில் சேர்க்கலாகாது. சேர்த்தால் உயிரில் சிக்கனம் பிடிப்பார்கள். தொடக்கத்தில், உரிய அனுமதியுடன், மூடிய திடலில் ஒவ்வொரு காராக ஓட்டி நேரம் குறித்தாலே போதும்.

இதை நான் ஏன் வற்புறுத்துகிறேன்? பொறியியல் நண்பர்கள் கட்டிய காருக்குச் சக்கரக் குடம் ஒன்று கடைய, சென்ற ஆண்டு பெலிலியஸ் சாலைப் பட்டறைக்கு அவர்களுடன் சென்றேன். லேத்தில் நின்றவன் நம்மினும் இளையவன். எங்கள் வரைபடத்தில் இருந்த பிழையை எங்களுக்கு முன்பே கண்டுபிடித்தான். வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டே, "தாதா, இந்த வண்டியை நான் ஓட்டலாமா?" என்று கேட்டான். விதிப்படி அது மாணவருக்கு மட்டுமே உரிய கார். நான் பேசாமல் நின்றேன்.

செய்யத் தெரிந்த கைக்கு ஓட்ட உரிமையில்லை என்றால், குறை அந்தக் கையில் இல்லை, விதியில் இருக்கிறது. விதியை மனிதர்தாம் எழுதினர்; நாமும் எழுதலாம். அடுத்த சங்கக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் தாருங்கள், வரைவுடன் வருகிறேன். நீங்கள் இசைந்தால், அந்த இளைஞனையும் அழைத்து வருகிறேன். எங்கள் வரைபடத்தில் பிழை கண்டவன், என் விதிகளிலும் பிழை காண்பான்.