இரவல் வண்டியும் இன்சூரன்ஸும்

அதிகாலையில் மண்டிக்குப் போயாக வேண்டும். நம் வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. பக்கத்துக் கடை அண்ணாச்சியிடம் சாவி கேட்கிறோம். அவரும் முகம் கோணாமல் கொடுக்கிறார். கடைவீதியில் தினமும் நடக்கும் காரியம் இது. “இன்சூரன்ஸ்தான் இருக்கிறதே, என்ன பயம்?” என்று இருவருமே நினைக்கிறோம். இந்த நினைப்பு ஓரளவுக்குத்தான் சரி என்பதை வணிகப் பெருமக்கள் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டில் மோட்டார் இன்சூரன்ஸ் வண்டிக்கு எடுக்கப்படுவது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, மூன்றாம் நபர் காப்பு இல்லாத வண்டி ரோட்டில் ஓடக் கூடாது. உரிமையாளர் சம்மதத்துடன், உரிய லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும், அந்த வண்டியால் அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்ட ஈடு கொடுக்கும். முழுக் காப்பு பாலிசி என்றால் வண்டியின் சேதத்துக்கும் பணம் கேட்கலாம்.

ஆனால் அந்தச் சாவி லைசென்ஸ் இல்லாத கடைப் பையன் கைக்குப் போனால் கதை வேறு. அடிபட்டவருக்குக் கம்பெனி பணம் கட்டிவிட்டு, அதை வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளக் கோர்ட் உத்தரவிட முடியும். லைசென்ஸ் இல்லாதவரை ஓட்ட விட்டதற்காக 3 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ தனி. உதவி செய்த அண்ணாச்சிக்குக் கிடைக்கும் பலன் இதுதான்.

இதைவிடப் பெரிய ஆபத்து இரவல் வாங்கி ஓட்டுபவருக்கு. 2009-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. இரவல் மோட்டார் சைக்கிளில் சென்றவர், முன்னால் போன மாட்டு வண்டி திடீரென்று நின்றதால் அதில் மோதி இறந்தார். வண்டியை இரவல் வாங்கியவர் உரிமையாளரின் இடத்தில் இருப்பவர். ஆகவே அவருடைய குடும்பம் அன்றிருந்த 163-ஏ பிரிவின்படி அந்த வண்டியின் இன்சூரன்ஸில் நஷ்ட ஈடு கேட்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. 2020-ல் வந்த இன்னொரு இரவல் வண்டி வழக்கில், தனிநபர் விபத்துக் காப்பாக 1 லட்சம் ரூபாய் மட்டுமே குடும்பத்துக்குக் கிடைத்தது. இன்று பாலிசியில் காணும் 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பும் உரிமையாளர் பெயரில் உள்ளது. இரவல் வாங்கியவர் அதை நம்பி வண்டி எடுக்க முடியாது.

என் கருத்து இது. சாவி கொடுப்பவர் லைசென்ஸைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். வாங்குபவர் பாலிசியின் கடைசித் தேதியைப் பார்க்க வேண்டும். பிறர் வண்டியில் கடை ஆளை அனுப்பும் முதலாளி, அந்த ஆளின் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பு பாலிசி எடுத்துக் கொடுக்க வேண்டும். நம் வேலைக்காகப் போகிறவரின் குடும்பத்துக்கு நாம் செய்ய வேண்டிய கடமை இது.

“இதையெல்லாம் கேட்டால் பழக்கம் கெட்டுவிடும்” என்பார்கள் சிலர். கடனுக்குச் சரக்குக் கொடுத்தால் பேரேட்டில் எழுதிக்கொள்கிறோம். அதனால் எந்தப் பழக்கம் கெட்டது? கணக்குச் சரியாக இருப்பதால்தான் பழக்கமும் நிலைக்கிறது. சாவி விஷயத்திலும் அந்த வழக்கத்தைக் கொண்டு வருவோம். கடை ஆட்களுக்கு விபத்துக் காப்பு எடுக்கும் யோசனையை நம் சங்கக் கூட்டத்திலும் வைத்துப் பேச வேண்டும்.