பெண்களின் குறட்டையை யார் கேட்பது?

"உடம்பைக் குறைச்சிட்டு வாம்மா." கர்ப்பப்பை அறுவைக்கு வரும் பருமனான பெண்ணுக்குக் கிடைக்கும் முதல் வைத்தியம் இந்த வசவுதான். மாதக்கணக்காக உதிரம் போகிறவள் எடை குறையும்வரை எப்படிக் காத்திருப்பாள்? வடசென்னையில் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவராக இந்த வசவை எதிர்க்கிறேன். எடையால் ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. ஆபத்து இருக்கும் இடத்தை யாரும் பார்ப்பதில்லை என்கிறேன்.

ஆபத்து மூச்சில் இருக்கிறது. மல்லாந்து படுத்ததும் வயிறு உதரவிதானத்தை மேலே தள்ள, நுரையீரலின் காற்றுக் கையிருப்பு குறைகிறது. மயக்கி, தசைகளைத் தளர்த்தியபின் மூச்சுக்குழாயில் குழாய் இறங்கும்வரை அந்தக் கையிருப்பில்தான் உயிர் ஓட வேண்டும். முன்கூட்டியே ஆக்சிஜன் கொடுத்திருந்தால் சாதாரண எடையுள்ளவர் ஆறேழு நிமிடம் தாங்குவார். மிகப் பருமனானவருக்கு மூன்று நிமிடம்கூடக் கிடைக்காது. மடித்த போர்வைகளை முதுகு, தோள், தலைக்குக் கீழே அடுக்கி, காதுத் துளையும் நெஞ்செலும்பின் மேல்முனையும் ஒரே மட்டத்துக்கு வரும்படி உயர்த்தினால் குழாய் போடுவது எளிதாகும். மேசையின் தலைப்பக்கத்தை 25 டிகிரி உயர்த்தி ஆக்சிஜன் கொடுத்தால் அவகாசம் கூடும். இதற்கெல்லாம் காசு செலவில்லை.

தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய் இருக்கிறதா என்பதும் முன்பே தெரிய வேண்டும். இல்லையென்றால் அறுவைக்குப் பின் கொடுக்கும் வலிமருந்தே மூச்சை அமுக்கிவிடலாம். இதைக் கண்டுபிடிக்க உலகெங்கும் பயன்படும் 'ஸ்டாப்-பேங்' வினாப்பட்டியல் 2008இல் டொராண்டோவிலிருந்து வந்தது. எட்டுக் கேள்விகள், ஆணாக இருந்தாலே ஒரு மதிப்பெண். ஆண்களிடம் இந்நோய் அதிகம் என்பது உண்மை. ஆனால் மாதவிடாய் நின்றபின் அந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது.

மற்ற கேள்விகளைப் பாருங்கள். சத்தமாகக் குறட்டை விடுவீர்களா? நாலு பேர் நடுவில் எந்தப் பெண் ஆமாம் என்பாள்? தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா? துறைமுகத்தில் இரவு ஷிப்டுக்குப் போன கணவன் எப்படிப் பார்ப்பான்? பகலில் களைப்பா? விடியுமுன் காசிமேட்டு ஏலத்துக்குப் போய், திருவொற்றியூர்த் தெருக்களில் கூடை சுமந்து விற்று, வீடு வந்து சமைப்பவளின் களைப்பை நோயென்று யார் எழுதுகிறார்கள்?

இவள் விதிவிலக்கும் அல்ல. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு எடை கூடுதல். பிரசவங்களில் ஏறத்தாழ 45 சதவீதம் சிசேரியன். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையும் கிட்டத்தட்ட முழுக்கப் பெண்கள் தலையில்தான். அறுவை மேசைக்குப் பெண்களை இத்தனை முறை அனுப்பும் சமூகம், அவர்கள் எப்படி மூச்சு விடுகிறார்கள் என்று கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது.

எடை பார்த்தால் கழுத்துச் சுற்றளவையும் அளந்து எழுதுங்கள். தனியிடத்தில் ஒரு செவிலியர் பேசட்டும். பக்கத்தில் படுக்கும் மகளையோ அக்காவையோ கேளுங்கள். அறுவை முடிந்ததும் மல்லாத்திப் போடாமல் சாய்ந்து உட்காரவையுங்கள். தேவைப்படுபவருக்கு சி-பாப் கருவி வார்டிலும் கிடைக்கட்டும். எடையைப் பற்றி அதன்பிறகு, மரியாதையாகப் பேசலாம்.