நிழலாக இருக்கச் சொல்கிறார்கள்

சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு ஓட்டலில் 'எக்ஸிகியூட்டிவ் அசிஸ்டென்ட்'களுக்கு ஒருநாள் பயிற்சி. நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீஸ் முதலாளிக்கு உதவியாளராக இருக்கும் என் மகளைக் கம்பெனியே அனுப்பிவைத்தது. சாயந்திரம் வந்தவள் நோட்டைக் காட்டினாள். தொழில் வளர்ச்சி, மனநலம் என்று தலைப்புகள். முதல் வரி: 'உங்கள் பாஸின் நிழலாக இருங்கள்.'

நிழலா? எங்க தாத்தன் நெழலு பட்டாத் தீட்டுன்னு ஒதுங்கி நடக்க வெச்ச ஊரு இது. இப்பப் பேத்தியை நெழலாவே இருக்கச் சொல்றாங்க.

நானும் அந்த வேலை பார்த்தவன்தான். அப்போது பெயர் ஸ்டெனோ. செருப்புத் தைத்த அப்பன் காசில் பிட்மன் படித்து, நிமிஷத்துக்கு 120 வார்த்தை சீனியர் பாஸ் பண்ணி, நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரியாத 1980களில் ஒரு அரசு அலுவலகத்தில் சேர்ந்தேன். அதிகாரி சொல்லச் சொல்ல மற்றவர்களின் ரகசியக் குறிப்பை நான்தான் டைப் அடித்தேன். யாருக்கு 'மிக நன்று', யாருக்கு 'சுமார்' எல்லாம் என் விரலுக்குத் தெரியும். என்னுடையதை மட்டும் அவர் கையாலேயே எழுதிப் பூட்டிவைத்தார். 'மோசம்' என்று எழுதினால்தானே ஆளைக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும்! 'சுமார்' என்று எழுதிவிட்டால் சொல்லவும் வேண்டாம், மேலே ஏற்றவும் வேண்டாம். நான் வேலை கற்றுக்கொடுத்த பையன்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். நல்லதோ கெட்டதோ, எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தேவ் தத் வழக்கில் சொன்னது 2008இல். அதற்குள் என் சர்வீசில் பெரும்பகுதி கரைந்துபோயிருந்தது.

'கோட்டாவுல வந்தவன்தானே' என்பார்கள். வாசலில் 18 சதவீதம் உண்டு, சரி. மாடிப்படியில்? பதவி உயர்வில் ஒதுக்கீடு செல்லாது என்றது 1992 இந்திரா சஹானி தீர்ப்பு. 1995இல் 77ஆவது திருத்தம் அதைத் திருப்பிக் கொடுத்தது. 2006இல் நாகராஜ் தீர்ப்பு வந்தது: அரசு கொடுத்தே ஆகவேண்டும் என்றில்லை, கொடுப்பதானால் பிரதிநிதித்துவம் போதவில்லை என்று புள்ளிவிவரம் காட்டு. அந்தக் கணக்கை யார் எடுப்பது? மேல்படியில் உட்கார்ந்திருப்பவனா? எங்கள் அருந்ததியருக்கு அந்த 18க்குள் 3 என்று வந்ததே 2009இல்தான். அது பற்றிச் சண்டை போடும் தோழர்கள் என் நாற்காலியில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கட்டும்.

மகளுக்கு வாசல் ஒதுக்கீடும் கிடையாது, தனியார். நேர்காணலில் டைப்பிங் வேகத்தை யாரும் கேட்கவில்லையாம். 'எந்த ஊரும்மா? ஊருக்குள்ளயா? குலசாமி எது?' ராத்திரி 10 மணிக்கும் போன். முதலாளி வீட்டுக் கரண்டு பில்லும் அவள்தான் கட்டவேண்டும். ஃபைலைக் கொண்டுபோனால் வாசல் திண்ணையோடு சரி. காப்பி வந்தால் அவளுக்கு மட்டும் பேப்பர் கப். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பெண்களின் பாலியல் தொல்லைப் புகாரைக் கேட்க உள்குழு வேண்டும் என்று 2013 சட்டம் சொல்கிறது. அப்படி ஒன்று இருப்பதே அந்த ஆபீசில் யாருக்கும் தெரியாது. பயிற்சியாளர் சொன்ன வைத்தியம்: கண்ணை மூடி, நாலு எண்ணி, மூச்சை இழுத்து விடு.

"ஏம்ப்பா சிரிக்கறீங்க?" என்றாள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவளே எழுதியிருந்தாள்: நியமன உத்தரவு, வேலை நேரம், பி.எஃப்., சம்பள உயர்வு எப்போது. இதை எழுந்து நின்று கேட்டாளாம்.

"அதெல்லாம் இந்த புரோகிராம்ல வராதும்மா"ன்னு சொல்லிட்டாராம்.