உடலின் வரவு செலவு

இல்லறம் நடத்துவோர் திங்கள்தோறும் வரவு செலவுக் கணக்கு எழுதி வைப்பது நல்வழக்கம். வரவு மிகுந்தால் பொருள் சேரும். செலவு மிகுந்தால் சேர்த்த பொருள் கரையும். இரண்டும் ஒத்து நின்றால் இருப்பு மாறாது. நம் உடம்பும் இத்தகையதொரு கணக்கை இடையறாது எழுதி வருகின்றது. உண்ணும் உணவு அதன் வரவு. உயிர்த்தலும் உழைத்தலும் அதன் செலவு. உடலின் எடை அதன் இருப்பு. இக்கணக்கை அறியாமல் பருத்த உடம்பைப் பழிப்பதும், மெலிய வேண்டிப் பட்டினி கிடப்பதும் தகாத செயல்கள் என்பது என் கருத்து.

பொருளை ரூபாயால் அளப்பது போல, உணவின் ஆற்றலைக் கலோரியால் அளப்பர். ஒரு கிலோகிராம் தண்ணீரின் வெப்பநிலையை 1 டிகிரி உயர்த்துவதற்கு வேண்டிய வெப்பமே உணவு நூலார் கூறும் கலோரி ஆகும். ஒரு கிராம் மாவுப்பொருளும் ஒரு கிராம் புரதமும் தனித்தனியே ஏறத்தாழ 4 கலோரி தரும். ஒரு கிராம் கொழுப்போ 9 கலோரி தரும். 14 கிராம் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டியில் அடங்கிவிடும். அதன் ஆற்றல் 126 கலோரி. ஏறத்தாழ 50 கிலோகிராம் எடையுள்ள ஒருவர், அமர்ந்திருப்பதை விட்டு ஒரு மணி நேரம் நடந்தால் மிகுதியாகச் செலவாவதும் ஏறக்குறைய அவ்வளவே. வரவு எத்துணை எளிது, செலவு எத்துணை அரிது என்பதை இதனால் உணரலாம்.

செலவு என்பது ஓடியாடும் வேலை மட்டுமன்று. நாம் உறங்கும்போதும் நெஞ்சு துடிக்கின்றது, நுரையீரல் இயங்குகின்றது, மூளை ஓய்வதில்லை. பெரும்பாலோர்க்கு அன்றாடச் செலவில் பாதிக்கு மேற்பட்டது இவற்றிற்கே போய்விடுகின்றது. எஞ்சியதில்தான் ஒருவர்க்கும் மற்றொருவர்க்கும் தொழிலால் வேற்றுமை உண்டாகின்றது. கோடம்பாக்கத்தையே எண்ணிப் பாருங்கள். காரைக்குடியில் இயங்கிய ஏ.வி.எம். படப்பிடிப்பு நிலையம் 1948-இல் இங்கு வந்தது. வேறு பல நிலையங்களும் இப்பகுதியில் எழுந்தமையால், தமிழ்த் திரைப்பட உலகிற்கே கோடம்பாக்கம் என்பது பெயராயிற்று. அத்தகைய நிலையத்தில், கனத்த விளக்குகளைச் சுமந்து பரண்மீது ஏறி இறங்கும் லைட்மேன் ஒருவரும், நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து கணக்கெழுதும் எழுத்தர் ஒருவரும் ஒரே பந்தியில் ஒரே அளவு சோறு உண்பதாகக் கொள்வோம். முன்னவர்க்குப் போதாத அவ்வுணவே பின்னவர்க்கு மிகுதியாகிவிடக்கூடும். குறை சோற்றிலும் இல்லை, உண்பவரிடத்திலும் இல்லை. வரவும் செலவும் பொருந்தாமையே காரணம்.

இவ்வுண்மைக்குச் சென்னையிலேயே நல்லதொரு சான்று உண்டு. கோடம்பாக்கத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயிலில் நுங்கம்பாக்கத்தை அடுத்து வருவது சேத்துப்பட்டு. அங்கே 1956-இல் காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பெற்றது. 190-க்கு மேற்பட்ட நோயாளிகளை அந்நிலையத்தார் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கினர். மற்றவர் தத்தம் எளிய இல்லங்களிலேயே இருந்தனர். ஓராண்டுக் காலம் இரு சாராரும் ஒரே மருந்தை உண்டனர். சானடோரியத்தில் இருந்தோர் நல்லுணவு பெற்று, ஓய்வும் மிகுதியாகக் கொண்டனர். வீட்டிலிருந்தோரின் உணவு குறைவு, உடலுழைப்போ மிகுதி. ஆகவே, முன்னவர் எடை பின்னவர் எடையினும் மிகுதியாகக் கூடிற்று. ஆயினும் நோய் தணிந்ததில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒப்பாகவே நின்றனர். 1959-இல் வெளிவந்த இம்முடிவு உலக மருத்துவர்களை வியக்கச் செய்தது. எடையை உயர்த்துவதும் தாழ்த்துவதும் வரவு செலவே என்பது இதனால் விளங்கும் முதல் உண்மை. எடை ஒன்றையே கொண்டு உடல்நலத்தை முடிவு செய்தல் கூடாது என்பது இரண்டாம் உண்மை.

இக்கணக்கை நாள்தோறும் பார்த்து மகிழவோ வருந்தவோ வேண்டா. இன்று ஒரு கிலோ கூடி, நாளை ஒரு கிலோ குறைவது பெரும்பாலும் உடம்பிலுள்ள நீரின் வேறுபாடே. ஒரு கிலோ கொழுப்பு உடம்பில் சேர்வதற்கு ஏறத்தாழ 7,700 கலோரி மிகுதல் வேண்டும். ஆதலின் திங்கள் பல கழிந்த பின்னரே உண்மையான மாற்றம் புலப்படும். மேலும், எல்லார் உடம்பும் ஒரே வீதத்தில் செலவிடுவதில்லை. வயது, பரம்பரை, நோய், மருந்து, உறக்கம் ஆகியவை கணக்கை மாற்றுகின்றன. எனவே, பருத்த மாணவனைக் கண்டு 'பெருந்தீனிக்காரன்' என்று நகைப்பவன், பிறர் கணக்கேட்டைப் படியாமலேயே தீர்ப்புக் கூறுபவன் ஆவான்.

திரையில் தோன்றும் மெல்லுருவங்களைக் கண்டு மயங்கிக் காலையுணவை விலக்கும் மாணவ மாணவியர் சிலரும் உளர். அவர்க்கு ஒன்று கூறுவேன். வளரும் பருவத்தில் எலும்பும் தசையும் குருதியும் பெருக வேண்டும். இப்பருவத்தில் வரவு செலவினும் சற்று மிகுந்தே நிற்றல் முறை. எடை மிக்கிருப்பினும் பட்டினி மருந்தாகாது. எண்ணெய்ப் பண்டங்களையும் இனிப்பு நீரையும் குறைத்து, காய்கறியும் பருப்பும் கூட்டி, மாலைதோறும் ஓடி விளையாடுவதே நேர்வழி. ஐயம் எழுமாயின் மருத்துவரை நாடுக.

திருவள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதில் ஒரு மூலிகையின் பெயரும் இல்லை. பத்துக் குறட்பாக்களுள் ஆறு, உண்ணும் அளவையும் முறையையுமே பேசுகின்றன. அளவறிந்து உண்பதும் சோம்பாது உழைப்பதும் செலவில்லா மருந்துகள். மாணவர்களே, உங்கள் உடம்பு உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட முதல்; அதன் கணக்கைக் கற்றுக்கொள்ளுங்கள்.