வாண்டா புல்லுருவியன்று

மரக்கிளையில் ஒட்டி வளர்வனவற்றையெல்லாம் புல்லுருவியென வெட்டியெறிவார் நம்மவருட் பலர். வாண்டா என்னும் ஆர்க்கிட் செடியையும் அவ்வாறு எறிதல் தகாதென்பதே எம் கருத்து.

அப்பெயரே பழியைச் சுமந்து நிற்கின்றது. ஒட்டுண்ணியைக் குறிக்கும் 'வந்தா' என்னும் வடசொல்லே, 1820-இல் இராபர்ட்டு பிரௌன் இதனை வகுத்தபோது பேரினப் பெயராயிற்று. உண்மையோ வேறு. புல்லுருவி தன் உறிஞ்சுவேரைக் கிளையினுட் செலுத்தி, மரத்தின் நீரையும் உப்பையும் கவரும். வாண்டாவோ பட்டையைப் பற்றுக்கோடாக மட்டுமே கொள்ளும். அதன் தடித்த வேர்களைப் போர்த்த பஞ்சனைய உறை மழைநீரை உறிஞ்சும். பசிய இலைகள் தம் உணவைத் தாமே சமைக்கும். நம் நாட்டு வாண்டா டெசலேட்டாவின் இதழ்களிற் கபிலக் கட்டங்கள் வலைபோற் பின்னி அழகு செய்யும். துகளினும் நுண்ணிய அதன் விதை உணவுச் சேமிப்பின்றிப் பிறத்தலின், காட்டிற் பூஞ்சையின் துணையின்றி முளையாது. ஆகலின் வெட்டியெறிந்தது எளிதின் மீளாது.

நல்லம்பள்ளிப் புளியிலோ மாவிலோ இத்தகைய செடியைக் காணும் அன்பர்காள்! அரிவாளை ஓங்குமுன் வேரை நோக்குமின். கிளையினுள் நுழைந்துளதேல் அது கள்வன். பட்டைமேற் படர்ந்து நிற்பதேல் விருந்து. 'ஒட்டுண்ணி' என்றும் 'தொற்றுச்செடி' என்றும் தமிழ் இவற்றை வேறு பிரித்துச் சொல்கின்றது. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் சொல்லுக்கும் பிழை, உயிருக்கும் கேடு.