கரண்டியும் கணக்குப் புத்தகமும்

நம் மாணவிகளிடையே சில காலமாக ஓர் அபிப்பிராயம் வேரூன்றி வருகிறது. சமையலும் தையலும் நம் பாட்டிமாரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய பூட்டுகள். பட்டம் பெற வந்த நாம் அவற்றைத் தொடுவது பிற்போக்கு. கோயிலில் பெண்கள் ஐக்கிய சங்கம் என்று கூடி ஊறுகாய் போடுவதும் அச்சு முறுக்குச் சுடுவதும் பொழுது போகாதவர் காரியம். இதுதான் அந்த அபிப்பிராயம். மாணவர்களுக்கோ இப்பொருள் பற்றி அபிப்பிராயமே கிடையாது. பந்தி எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்வதோடு அவர்கள் ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது.

மாணவிகள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. பாதிதான். மற்றப் பாதியைப் பற்றியே எழுத வந்தேன். நான் பொருளாதாரம் படிப்பவள். அடுப்பங்கரையில் தொடங்கினாலும் கணக்கில்தான் போய் நிற்பேன். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

பல்கலைக்கழக நிலையத்தில் மஞ்சள் தடத்து மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் ஐ.என்.ஏ. நிலையத்தில் இறங்கலாம். ஒரு புறம் 1994இல் திறக்கப்பட்ட தில்லி ஹாட். அதற்கு வழி தெரியாத மாணவர் நம்மில் இல்லை. சாலையின் மறுபுறம் ஐ.என்.ஏ. மார்க்கெட். நெரிசலான சந்துகள், ஈரம் காயாத தரை, மீன் வாடையும் மசாலா வாசனையும் கலந்த காற்று. முருங்கைக்காயும் சேனைக்கிழங்கும் வாழைப்பூவும் கறிவேப்பிலையும் புழுங்கலரிசியும் இங்கே கிடைக்கும். மலையாளிக்குக் கப்பைக் கிழங்கு, வடகிழக்கு நண்பர்களுக்கு மூங்கில் குருத்து, தூதரகத்துக்காரர்களுக்கு வெளிநாட்டுப் பாலாடைக்கட்டி, எல்லாம் இதே சந்துகளில்தான். வீட்டு நினைவு வந்த தில்லிவாசிகளின் சந்தை என்று இதைச் சொல்லலாம்.

இந்தப் பெயரின் பின்னால் இருக்கும் இந்திய தேசிய ராணுவத்தில் 1943இல் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படை என்ற பெண்கள் படை எழுந்தது. அதற்குத் தலைமை தாங்கிய லட்சுமி சாமிநாதன் சென்னையில் படித்த டாக்டர். அவருக்குக் கீழ் அணிவகுத்தவர்களில் மலேயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் மிகப் பலர். பால்மரம் வெட்டிய கை துப்பாக்கி பிடித்தது. அந்தப் பெயரைத் தாங்கிய சந்தையில் நின்றுகொண்டு முருங்கைக்காய் வாங்கும் அம்மாளை ஒன்றும் தெரியாதவர் என்று நாம் எண்ணுவது வேடிக்கைதான்.

அறுப்பின் பண்டிகைக்கு முந்திய சனிக்கிழமை எங்கள் சபைப் பெண்கள் ஐந்தாறு பேர் இங்கே வருவார்கள். கூடை தூக்குவதற்கு இரண்டு ஆண்டுகளாக நானும் உடன் போகிறேன். மறுநாள் ஆராதனை முடிந்ததும் 200 பேருக்கு அசனம். சோறு, கறிக்குழம்பு, பருப்பு, ரசம். 200 பேருக்கு அரிசி 25 கிலோ. குழந்தைகளை அரை ஆளாக எண்ணக்கூடாது. பண்டிகை நாளில் இரண்டாம் முறை சோறு கேட்பது அவர்கள்தான் என்பது மூத்த அம்மாள் ஒருவர் வகுத்த விதி. முருங்கைக்காயை வாங்குமுன் இலேசாக முறுக்கிப் பார்ப்பார். தேங்காயைக் காதருகே ஆட்டுவார். நான் ஒரு மீனைக் காட்டி, கண் எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள் என்றேன். "மக்களே, கண்ணை நம்பாதே. ஐஸில வச்சா எந்தக் கண்ணும் மினுங்கும். செவுளைத் தூக்கிப் பாரு, பிறகு விரலால அமுக்கிப் பாரு, குழி நிக்கப்பிடாது" என்றார் அந்த நாகர்கோவில் அம்மாள். மீன்காரருக்குத் தமிழ் தெரியாது. அம்மாளுக்கு இந்தி அரைகுறை. ஆனாலும் பேரம் இருவருக்கும் மனக்குறையின்றி முடிந்தது.

விலை, அளவு, தரம், கெடாமல் இருக்கும் காலம் ஆகிய நான்கையும் ஒருசேர மனத்தில் நிறுத்தி, கையிலிருக்கும் பணத்துக்குள் முடிவு செய்வதைத்தான் எங்கள் வகுப்பில் கரும்பலகை நிறைய எழுதிக் காட்டுகிறார்கள். அதை எழுதினால் அறிவு, செய்தால் அடுப்படி என்பது என்ன நியாயம்?

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது சிறுபயற்றை வறுத்துத் திரித்து, தேங்காயும் எள்ளும் சேர்த்துப் பாகில் உருட்டி, அரிசிமாவுக் கரைசலில் தோய்த்து முந்திரிக்கொத்துச் சுடுவார்கள். பாகு ஒரு பதம் தவறினால் உருண்டை எண்ணெயில் உடைந்து போகும்; பதம் சரியாக இருந்தால் வாரக்கணக்கில் கெடாது. அதைக் கற்றுக்கொடுக்க அச்சடித்த புத்தகம் போதாது. பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். அப்படி உட்காரும் நேரத்தில்தான் உண்மையான ஐக்கியம் நடக்கிறது. யாருக்கு மாமியார் தொந்தரவு, யார் கணவருக்கு வேலை போயிற்று, எந்தப் பெண்ணுக்கு ஊரிலிருந்து கடிதமே வரவில்லை என்பதெல்லாம் ஜெபக் கூட்டத்தில் வெளிவருவதைவிட வெங்காயம் உரிக்கும்போது அதிகம் வெளிவருகிறது. கண்ணீருக்கு அங்கே யாரும் காரணம் கேட்பதில்லை.

மார்க்கெட்டுக்கு அருகிலேயே சப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் 1956இல் தோன்றிய அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும் இருக்கின்றன. நம் ஊர்களிலிருந்து பெரிய வியாதிக்காரரைக் கூட்டிக்கொண்டு வரும் குடும்பங்களுக்கு மொழி தெரியாது, ரொட்டி இறங்காது. அவர்களுக்குப் புழுங்கலரிசிக் கஞ்சியும் துவையலும் தூக்குவாளியில் போவது எங்கள் சபைப் பெண்கள் கையால்தான். இதற்கு எந்தத் தீர்மானமும் நிறைவேற்றப்படவில்லை. ஒருவர் போனார்; பிறகு முறைவைத்துப் போகிறார்கள்.

இனி, கணக்குக்கு வருகிறேன்.

வீட்டுக் கைத்தொழில் பெண்ணை அடிமையாக்கும் என்பது சரியா? நாகர்கோவிலின் பழைய கதையைப் பாருங்கள். 1820களின் தொடக்கத்தில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் தம் பள்ளிச் சிறுமிகளுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். தலையணை மேல் குண்டூசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் பின்னும் வேலை. அக்காலத் திருவிதாங்கூரில் மனிதரை விலைக்கு வாங்கும் வழக்கம் இருந்தது. 1855இல்தான் அது பிரகடனத்தால் ஒழிந்தது. அதற்கு முன்பே, அடிமைக் குடும்பங்களில் பிறந்த சிறுமியர் சிலர் பின்னல் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலை கொடுத்து வாங்கினார்கள். இதைவிடப் பெரிய பொருளாதாரப் பாடம் எனக்குத் தெரியாது. மால்ட் அம்மையாரின் மகள் எலைசா, கால்டுவெலை 1844இல் மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்தக் கைவேலையையும் கொண்டுபோனார். கால்டுவெலின் ஒப்பிலக்கணத்தைப் பாடமாகப் படிக்கும் நாம், அதே வீட்டில் நடந்த பெண்கள் பள்ளியைப் பற்றி ஒரு வரிகூடப் படிப்பதில்லை.

ஆனால் கதை இத்துடன் முடிந்தால் நான் மாணவிகளுக்கு உபதேசம் செய்துவிட்டுப் போயிருப்பேன். ஆந்திரத்தில் கோதாவரிப் பகுதியிலுள்ள நரசாபுரத்திலும் மிஷனரிகள்தான் ரேந்தையைக் கொண்டுவந்தார்கள். அங்கே என்ன நடந்தது என்பதை மரியா மீஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் ஆராய்ந்து 1982இல் ஒரு நூலாக வெளியிட்டார். பெண்கள் வீட்டில் உட்கார்ந்து நாள் முழுதும் பின்னினார்கள். வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி நடந்தது. வியாபாரமும் இலாபமும் ஆண்கள் கையில் சேர்ந்தன. பின்னியவர்களைத் தொழிலாளி என்று யாரும் சொல்லவில்லை. குடும்பப் பெண்கள், ஓய்வு நேரத்தில் ஏதோ செய்கிறார்கள் என்றார்கள். அப்படிச் சொன்னதாலேயே கூலி ஒட்டிப்போயிற்று.

அதே நூல், அதே பின்னல். ஓரிடத்தில் அது விலங்கை அறுத்தது; மற்றோரிடத்தில் விலங்காயிற்று. வேலையில் வேற்றுமை இல்லை. காசு யார் கைக்குப் போயிற்று, அந்த வேலைக்கு என்ன பெயர் இட்டார்கள் என்பதில்தான் வேற்றுமை. ஆகவே கரண்டியைத் தூக்கி எறிவதில் பயனில்லை என்பது என் கட்சி. கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

எங்கள் சபையிலேயே அது நடக்கவில்லை. கிறிஸ்துமஸ் பலகாரம் விற்றுச் சேர்த்த பணத்தை, சிகிச்சைக்கு வரும் குடும்பங்களுக்கு ஓர் அறை வாடகைக்கு எடுக்க வேண்டும் என்று பெண்கள் விரும்பினார்கள். சபைக் கமிட்டி அதைச் சுற்றுச்சுவர் வேலைக்கு எடுத்துக்கொண்டது. கேட்டபோது, "எல்லாம் கர்த்தருடைய பணந்தானே" என்றார்கள். மெய்தான். ஆனால் கர்த்தருடைய பணத்தை எங்கே செலவிடுவது என்று முடிவு செய்த மேசையைச் சுற்றிப் பெண் ஒருவரும் இல்லை. தென்னிந்தியத் திருச்சபையில் 2013இல் நந்தியாலுக்கு புஷ்பலலிதா பேராயரானார். பலிபீடத்தருகே பெண் நிற்கலாம் என்றாகிவிட்டது. பணப்பெட்டியருகே மட்டும் இன்னும் கூச்சமாக இருக்கிறது போலும்!

இப்போது கமிட்டியில் புதிய யோசனை ஒன்று எழுந்திருக்கிறது. "சகோதரிகளுக்கு ஏன் சிரமம்? அசனத்தை ஒரு காண்ட்ராக்டரிடம் விட்டுவிடுவோம்." கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. சங்கத்தில் சிலருக்கே அது சம்மதம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பலருக்கு அறுபது வயதுக்கு மேல், அண்டா தூக்க முடியவில்லை, முழங்கால் வலி. அவர்களைத் தியாகிகள் என்று புகழ்ந்து இன்னும் பத்தாண்டு வேலை வாங்குவது கொடுமை. ஆனால் காண்ட்ராக்டர் வந்தால் அண்டாவோடு போவது வேலை மட்டுமா? சனிக்கிழமைச் சந்தை போகும், வெங்காயம் உரிக்கும் திண்ணை போகும், நாளடைவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் தூக்குவாளியும் போகும். சிரமத்தைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. வெட்டவும் தூக்கவும் ஆண்கள் வரட்டும்.

இது வேடிக்கைப் பேச்சல்ல. நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கில், 2019இல் வீட்டு வேலை செய்த பெண்கள் நாளுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதில் செலவிட்டதாகக் கண்டார்கள். 2024இல் மறுபடி எடுத்தபோது அவை 289, 88. ஐந்தாண்டு முன்னேற்றத்தில் இடைவெளி 202 நிமிடத்திலிருந்து 201 ஆயிற்று. ஒரே ஒரு நிமிடம்! இந்த வேகத்தில் சமத்துவம் எப்போது வரும் என்ற வகுத்தல் கணக்கைக் கணித மாணவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

பெண்கள் சங்கத்தாரிடமும் எனக்கு ஒரு வார்த்தை உண்டு. கூட்டம் புதன்கிழமை பிற்பகலில் கூடுகிறது. அந்த நேரத்தில் நர்ஸ் வேலை பார்க்கும் பெண்ணும் அலுவலகத்துப் பெண்ணும் மாணவியும் எப்படி வருவார்கள்? கணவர் சம்பாதிக்க, வீட்டிலிருப்பவர்தான் குடும்பப் பெண் என்ற பழைய எண்ணம் அந்தக் கடிகாரத்தில் ஒளிந்திருக்கிறது. 1876இல் மேரி சம்னர் இங்கிலாந்தில் தொடங்கிய தாய்மார் சங்கம் ஏழை பணக்காரர் பேதமின்றித் தாய்மாரைச் சேர்த்தது. ஆயினும் விவாகரத்தான பெண்ணுக்கு 1970கள் வரை அங்கே இடமில்லை. யாரை வாசலில் நிறுத்தியிருக்கிறோம் என்று உள்ளே இருப்பவருக்குச் சீக்கிரம் தெரிவதில்லை. எங்கள் சங்கத்தின் வாசலில் நிற்பவர்கள் மணமாகாதவர்கள், ஷிப்டில் வேலை செய்பவர்கள், பிரிந்து வாழ்பவர்கள். கூட்டத்தை ஞாயிறு மாலைக்கு மாற்றுங்கள் என்று இரண்டு முறை கேட்டிருக்கிறேன். ஐயரம்மா, பார்ப்போம் என்றிருக்கிறார்கள்.

கணக்கு விஷயத்தில் முதல் முயற்சியாக, இவ்வாண்டு சந்தைச் செலவையும் பலகார வரவையும் தனி நோட்டில் தேதி வாரியாக எழுதப் போகிறோம். உழைத்த மணிகளுக்கும் ஒரு பத்தி உண்டு. அந்த நோட்டு சபையின் ஆண்டுக் கூட்டத்தில் வாசிக்கப்படும். வாசிப்பவர் பெண்கள் சங்கத்தைச் சேர்ந்தவராக இருப்பார். நோட்டுக்குக் கோடு போட்டுக் கொடுத்தது நான். பொருளாதாரம் அவ்வளவுக்காவது பயன்படட்டும்.

கிறிஸ்தவர் அல்லாத நண்பர்கள் வரலாமா என்று விடுதியில் இருவர் கேட்டார்கள். வெங்காயத்துக்கு மதமில்லை. பண்டிகைக்கு முந்திய சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு ஐ.என்.ஏ. மெட்ரோ நிலையத்தில், மார்க்கெட் பக்கத்து வாசலில் நிற்போம். வெங்காயம் மட்டும் 15 கிலோ, அரிசி 25 கிலோ, தேங்காய் 40. சாக்குப் பை எங்களிடம் இருக்கிறது. தோள்கள்தான் குறைவு, மாணவர்களுக்கு முன்னுரிமை.